குளிருக்கு ஒரு ஒத்திகை

"நாலு நாள்னு இருக்கிறதை ரெண்டு நாளா சுருக்கிட்டா என்ன?"

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டதையும், அதைக் கேட்ட அவர் மனைவி எழுந்து போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாத்திரம் என்ன பாவம் செய்தது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

இந்தத் தொடருக்கு நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷமான ஒரு தம்பதி, முதல் தடவையாக, இரண்டே பேர் மட்டும் விமானம் ஏறி, குளிர்காலத்தில் ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பார்த்துவிட்டு வரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். திட்டம் போட்டது மனைவி. அதை நறுக்கிக்கொண்டே வருவது கணவன். பத்து நாள் என்று ஆரம்பித்தது ஒரு வாரமாகி, நாலாகி, இப்போது இரண்டில் வந்து நிற்கிறது. இப்படியே விட்டால் விமான நிலையம் வரை போய்க் கையசைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மனைவிக்கு வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். உறையவைத்த பட்டாணியும் மீனும் அட்டைப்பெட்டிகளில் மலைமலையாக அடுக்கியிருக்கும் இடம் அது. அங்கே அவள் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மூட்டை தூக்குகிறவர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் ஐஸ் அக்கா. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கணவருக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். ஓட்டப் பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அவர் ஊருக்கெல்லாம் மாஸ்டர். பெற்ற அம்மாவே கோபம் வந்தால் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அந்த அம்மாவையும் சேர்த்து வீட்டில் மூன்று பேர். குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் இல்லாதது இன்னொன்றும் உண்டு. இவர்கள் படுக்கையறைக்குக் கதவு கிடையாது.

மாமனார் படுத்த படுக்கையாகக் கூடத்தில் கிடந்த காலத்தில், அவர் கூப்பிட்டால் காதில் விழவேண்டும் என்று கதவைக் கழற்றிப் பின்கட்டில் சாத்தினார்கள். மாமனார் போய்ச் சேர்ந்தார். கதவு மட்டும் திரும்பி வரவில்லை. நிலைப்படியில் பூப்போட்ட ஒரு திரை தொங்குகிறது. திரைக்கு இந்தப் பக்கம் சிரித்தால், அந்தப் பக்கத்திலிருந்து "என்னம்மா ஜோக்கு, எனக்கும் சொல்லேன்" என்று குரல் வரும். தும்மினால் மாத்திரை வரும்.

கதவை மாட்டச் சொல்லிக் கேட்கலாம்தான். ஆனால் ஒரு மருமகள் மாமியார் முன்னால் நின்று, எங்கள் அறைக்குக் கதவு வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? ஒரே ஒரு தடவை புருஷனிடம் கேட்டாள். "அம்மாவுக்கு இஷ்டமில்லம்மா. ராத்திரி ஒண்ணுன்னா கூப்பிட்டா கேக்கணுமாம்" என்றார். அன்றைக்கு மனதுக்குள் மாமியாரோடு போட்ட சண்டையை ஐஸ் அக்கா இன்னும் நிறுத்தவில்லை.

அதனால்தான் இந்தப் பயணம். அந்த நாலு நாளில் ஒரு நாள், பாஷை தெரியாத ஏதாவது ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது, அவள் அவரிடம் ஒன்று கேட்பதாக இருக்கிறாள். தனியாக வேறு வீடு பார்த்துப் போய்விடலாமா என்று. இந்த வீட்டில் அதைக் கேட்க இடமில்லை.

அந்தச் சமாச்சாரம் இப்படி இருக்க, இன்றைக்கு வாரவிடுமுறை. டிக்கெட்டைச் சாயங்காலம் வரைதான் பிடித்துவைக்க முடியும் என்று டிராவல்ஸ் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். மாஸ்டரோ காலையிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் குளிரே ஆகாதும்மா" என்றார், மனைவியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து. "சின்ன வயசுலயே சளி பிடிச்சுக்குமே. உனக்குத் தெரியாதா?"

அத்தை கூடத்தில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூக்குன்னு ஒண்ணு இருந்தா சளி பிடிக்கத்தான் செய்யும். எனக்கும்தான் பிடிச்சுது, உங்கப்பாவுக்கும்தான் பிடிச்சுது. அதுக்காக யாரும் ஊருக்குப் போகாம இருக்காங்களா?"

"அங்க ஜீரோவுக்குக் கீழேம்மா."

"ஏம்மா, நீ சொல்லு" என்று அத்தை இப்போது மருமகள் பக்கம் திரும்பினாள். "வேலைக்குப் போனாலும் குளிர்ல நிக்கிற. லீவு போட்டாலும் குளிருக்குத்தான் போவியா? வேற ஊரே கிடைக்கலையா உனக்கு?"

"வேற ஊர்ல எல்லாம் கூட்டமா இருக்கும் அத்தை. குளிர்காலத்துல அங்க யாரும் வரமாட்டாங்க."

"யாரும் வராத ஊருக்கு எதுக்குப் போகணும்?"

அதற்காகவேதான் போகிறோம் என்று ஐஸ் அக்கா எப்படிச் சொல்வாள்? அத்தை ஒரு பீன்ஸை இரண்டாக ஒடித்தாள்.

"சரி, ஒண்ணு செய்யி. இவனை உங்க கிடங்குக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாரு. தாங்கினா ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. தாங்கலேன்னா விட்டுத் தள்ளுங்க. வீட்டுல உக்காந்து சளி வரும், வராதுன்னு பேசிட்டே இருந்தா எப்படி?"

"அம்மா, அதெல்லாம் எதுக்கு..." என்று இழுத்தார் மாஸ்டர்.

ஐஸ் அக்காவுக்குச் சுருக்கென்றது. பையன் உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் நடுங்கி வெளியே வருவான், அதோடு பயணப் பேச்சு அடங்கும் என்று அத்தை கணக்குப் போடுகிறாள் என்றே நினைத்தாள். பார்த்துவிடுவோமே ஒரு கை என்று அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"கிளம்புங்க" என்றாள். "அத்தை சொன்னது நல்ல யோசனை."

டிரைவிங் ஸ்கூல் காரில்தான் போனார்கள். அவள் ஓட்டினாள். அவர் பழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எதிரே ஒரு நாய் வந்தால் வண்டி தானாக நின்றது. சைக்கிள் வந்தால் நின்றது. ஒன்றுமே வராதபோதும் ஒரு தடவை நின்றது.

"நான் லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷமாச்சு?"

"கால் தானா போயிடுதும்மா."

"காலை மடிச்சு வெச்சுக்குங்க."

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "என்னக்கா, இன்னிக்கு லீவாச்சே?"

"சாருக்கு உள்ள சுத்திக் காட்டணும். பெரிய ரூமுக்குப் போறோம், உங்க நோட்டுல போட்டுக்குங்க."

"மாஸ்டர், காதை மூடிக்குங்க. முதல்ல காதுதான் போகும்" என்று வாட்ச்மேன் சிரித்தார். மாஸ்டரும் சிரித்துவைத்தார்.

உடை மாற்றும் அறையில் இருந்ததிலேயே பெரிய மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் கை குட்டையாக இருந்தது. பஞ்சு வைத்த கால்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், இரண்டு அடுக்குக் கையுறை, காதை மூடும் குல்லா எல்லாம் மாட்டி முடித்தபோது மாஸ்டர் உறை போட்ட மெத்தை மாதிரி இருந்தார். குல்லாவின் நாடாவை அவள்தான் கட்டிவிட்டாள். இவ்வளவு பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இங்க நீ வேற மாதிரி இருக்க" என்றார்.

"எப்படி?"

"சத்தமாப் பேசற."

முன்னறையின் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் பெரிய கதவு. ஒரு சாண் கனம். அவள் இழுத்துத் திறந்தாள். வெள்ளைப் புகை காலில் வந்து மோதியது. இரண்டு பேரும் உள்ளே போனதும், கதவு தன் கனத்திலேயே பின்னால் வந்து மூடிக்கொண்டது.

இந்தக் கதவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதன் உள்பக்கம், இருட்டிலும் பச்சையாக மினுங்கும் ஒரு குமிழ் உண்டு. வெளியே பூட்டே போட்டிருந்தாலும், உள்ளேயிருந்து அந்தக் குமிழை அழுத்தித் தள்ளினால் திறந்துகொள்ளும். யாரும் உள்ளே மாட்டிக்கொண்டு விறைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் ஐஸ் அக்கா முதலில் காட்டுவது இந்தக் குமிழைத்தான். மாஸ்டருக்குக் காட்டவில்லை. அவர் வேலைக்கா வந்தார்? மறந்துபோனாள், அவ்வளவுதான். கதவோரம் சாய்ந்து நின்றபோது குமிழ் அவள் முதுகுக்குப் பின்னால் போனதும் தற்செயல்தான்.

மேலே விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. பெட்டிகளின் விளிம்பில் பனி பூத்திருந்தது. மைனஸ் பதினெட்டு. மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கி, அடி விழப்போகிற பையன் மாதிரி நின்றார். கொஞ்ச நேரம் போயிற்று. ஒரு கண்ணைத் திறந்தார்.

"அவ்வளவுதானா?"

வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு. இன்னொரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டார்.

"மூக்கு எரியுதா?"

"லேசா."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுதே. நல்லாத்தான் இருக்கு."

"நாம போகப்போற ஊர்ல இதுல பாதிகூடக் குளிராது. அப்போ தாங்கிடும். நாலு நாள் போறோம்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. தாங்கியிருக்கக் கூடாதோ என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வெளியே போய்ப் பேசிக்கலாமே."

"வெளியேன்னா எங்க? கார்ல ஏறினா ரோட்டைப் பாருன்னுவீங்க. வீட்டுக்குப் போனா திரைக்கு அந்தப் பக்கம் அத்தை. எங்க பேசறது?"

அவர் வந்து கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். தோளைக் கொடுத்தார்.

"பூட்டிக்கிச்சா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, போயிற்று. குமிழ் அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அவள் நகரவில்லை. இனிமேல் அதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன்.

"உன் செல்லுல கூப்பிடேன் வாட்ச்மேனை."

"இங்க சிக்னல் வராது."

"கத்தினா?"

"கேக்காது."

அந்த நேரம் பார்த்து விசிறிகள் நின்றன. குழாயில் படிந்த பனியை உருக்குவதற்காக அவை அவ்வப்போது தானாக நிற்கும், தானாக ஓடும். அவளுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. இரைச்சல் அடங்கியதும் அந்த அறையில் அவர்கள் இருவருடைய மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"சொல்லுங்க" என்றாள். "குளிர் ஒரு காரணமில்லேன்னு ஆயிடுச்சு. வேற என்ன?"

"அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி..."

"எதிர்வீட்டு டீச்சரம்மா துணைக்கு வந்து படுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அத்தையும் தலையாட்டிட்டாங்க."

"ஸ்கூல்ல லீவு..."

"லீவு கிடைச்சாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மாஸ்டரின் வலதுகால் பூட்ஸ் தரையில் எதையோ தேடித் தேய்ந்தது. பாவம், அங்கே பிரேக் இல்லை.

"நாலு நாள் நாம என்ன பண்ணப் போறோம்?"

"நடப்போம். சுத்திப் பார்ப்போம். பேசுவோம்."

"என்ன பேசுவோம்?"

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். அவர் கண்ணில் கேலி இல்லை.

"நிஜமாத்தான் கேக்கறேன். என்ன பேசுவோம்? வீட்டுல அம்மா ஒண்ணு கேப்பாங்க, நீ பதில் சொல்லுவ, நடுவுல நான் ஒரு வார்த்தை போடுவேன். பொழுது போயிடும். அங்க யார் கேப்பாங்க? காலையில எழுந்திருச்சா நீ. படுத்தா நீ. எனக்கு உன்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியாதும்மா. இவன்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னு ரெண்டாவது நாளே உனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் மிச்ச நாளை எப்படி ஓட்டறது?"

"பதினோரு வருஷமா பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"எதைப் பத்தி? சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். தண்ணீர் மோட்டார். அத்தையின் முட்டிவலி. கிடங்கில் யார் வந்தார், யார் வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"கதவுகூட அதனாலதான்" என்றார்.

"எந்தக் கதவு?"

"நம்ம ரூம் கதவு."

"அது அத்தை வேணாம்னாங்க."

"அம்மா சொல்லல." மாஸ்டர் பட்டாணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அப்பா போன கொஞ்ச நாள்லயே கார்பென்டரைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னாங்க அம்மா. நான்தான், உனக்கு வேணாமாம்னு சொல்லிட்டேன். ராத்திரி அத்தை கூப்பிட்டா காதுல விழணும்னு நீ சொன்னதா சொன்னேன். அப்புறம் உன்கிட்ட அதையே அம்மா சொன்னதா சொன்னேன்."

"எதுக்கு?"

"கதவு இருந்தா மூடணும். மூடினா உள்ள நாம ரெண்டு பேர்தான்."

ஐஸ் அக்காவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. இத்தனை நாள் அத்தையிடம் வெடுக்கென்று பேசிய பேச்செல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஆறிப்போன டீயை வேண்டுமென்றே கொண்டுபோய் வைத்தது. முட்டி வலிக்கிறது என்று சொன்னபோது காதில் விழாத மாதிரி இருந்தது. அத்தை ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லை. 'எனக்காகக் கதவையே வேண்டாம் என்று சொன்ன பெண், நாக்கு கொஞ்சம் அப்படித்தான்' என்று அத்தை பொறுத்துப்போயிருப்பாள்.

அந்த வீட்டில் நம்மை அடைத்துவைத்தது ஒருவர், நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது வேறொருவரோடா? அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கும் முன்னே சில்லிட்டுப்போனது.

விசிறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அவள் திரும்பிக் குமிழைத் தள்ளினாள். கதவு திறந்தது.

மாஸ்டர் குமிழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது உள்ளேயிருந்தே திறக்குமா?"

"எப்பவும் திறக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அப்படி மடக்கியும் அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. புதிதாக வந்த ஒரு கூலியாளிடம் யாராவது இந்த விளையாட்டை விளையாடியிருந்தால், அவளே அந்த ஆளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பாள். வெளியே வந்து குல்லா நாடாவை அவிழ்க்க அவர் திண்டாடினார். அவள் உதவிக்குப் போகவில்லை.

திரும்பும்போது அவர் ஒரு தடவைகூட பிரேக்கில் கால் வைக்கவில்லை. நாய் வந்தது, சைக்கிள் வந்தது, ஒரு லாரியே குறுக்கே வந்தது. அவளுக்குத்தான் பயமாக இருந்தது.

பாதி வழியில் டிராவல்ஸ் பெண் கூப்பிட்டாள். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். ஐஸ் அக்கா வண்டியை ஓரம் கட்டினாள்.

"சார், கன்ஃபார்ம் பண்ணிடலாமா? ரெண்டு நாளா, நாலு நாளா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாள்" என்றார், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிற பையன் மாதிரி.

"ரூம்ல ஒரு பெரிய கட்டிலா, ரெண்டு தனிக் கட்டிலா சார்?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மாஸ்டர் போனைப் பிடித்தபடி விழித்தார். கடைசியில் ஐஸ் அக்கா போன் பக்கம் தலையைச் சாய்த்து, "ஒண்ணு போதும்" என்றாள்.

"பண்ணிட்டேன் மேடம். இனிமே மாத்த முடியாது, பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கவேண்டிய இடம் இது. அவளும் சந்தோஷப்பட முயற்சி செய்தபடியேதான் கியரை மாற்றினாள். ஆனால் 'என்ன பேசுவோம்?' என்ற கேள்வி அவரை விட்டுவிட்டு இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தனி வீடு பார்க்கலாமா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போவதாக இருந்தாள். இனி அதை எதற்குக் கேட்பது? கதவைக் கழற்றி வைத்திருந்தவர் பக்கத்து சீட்டில் இருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தானே வருவார். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் அவரிடம் சொல்ல அவளிடமே வேறு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். வீட்டுத் தெரு வந்துவிட்டது.

அத்தை வாசலுக்கே வந்துவிட்டாள். "தாங்கினானா?"

"தாங்கினார் அத்தை."

"எனக்குத் தெரியுமே! இவனாவது, குளிர் ஆகாமலாவது. எத்தனை நாள்?"

"நாலு நாள். சொல்லியாச்சு."

அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க ஐஸ் அக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. காலையில் இந்த முகத்தில் என்னவெல்லாம் சூழ்ச்சி இருப்பதாக நினைத்தோம்! மாஸ்டர் நைசாக உள்ளே நழுவப் பார்த்தார்.

"அத்தை, நான் கதவு வேணாம்னு சொன்னதே இல்ல."

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மகனைத் தேடி ஒரு பார்வை பார்த்தாள்.

"மாஸ்டர்" என்றாள். அவ்வளவுதான். அவர் அப்படியே நின்றார்.

பிறகு மருமகளின் கையைப் பிடித்தாள். "கேட்டிருக்கலாமேம்மா நீ. நேரா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை."

"நீங்களும் கேட்டிருக்கலாமே அத்தை."

"எப்படிக் கேக்கறது? நீ பெருந்தன்மையா விட்டுக்குடுத்ததா நினைச்சேன். அதைப் போய்க் கிளறுவாங்களா?"

ஐஸ் அக்கா தலை குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றிருந்தது. எதற்கு என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும். அத்தை அவள் கையை இரண்டு தட்டுத் தட்டி விடுவித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் டீச்சரம்மாவைப் பார்த்துட்டு வரேன். வர நேரமாகும். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருங்க."

"இப்போ எதுக்கும்மா? வெயில் தாழட்டுமே" என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டுப் போகிற அம்மாவைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெளியே போய், வாசல் கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

வீடு மாஸ்டருக்கும் ஐஸ் அக்காவுக்கும் மட்டும் என்றானது. கூடத்தில் இரண்டு நாற்காலி. அவர் ஒன்றில், அவள் ஒன்றில். சமையலறையில் குழாய் சொட்டியது.

"குழாயைச் சரி பண்ணணும்" என்றார்.

"வீட்டைப் பத்திப் பேசக் கூடாது" என்றாள். "அங்க இந்தக் குழாய் இருக்காது. அத்தையைப் பத்தியும் கூடாது. என் வேலை, உங்க வேலை எதுவும் கூடாது. இப்பவே பேசிப் பழகிக்குவோம். ஆரம்பிங்க."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்காலைத் தடவினார். உத்தரத்தைப் பார்த்தார். நன்றாகவே யோசித்தார், அதில் குறை சொல்ல முடியாது.

"உனக்கு... என்ன கலர் பிடிக்கும்?"

பெண் பார்க்க வந்த அன்றுகூட இதைக் கேட்கவில்லை அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன ஜோக்கு என்று யாரும் கேட்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் கேட்டதற்குப் பதில் அவளுக்கே தெரியவில்லை.

"நீலம்னு வெச்சுக்குங்களேன்" என்றாள்.

"நீலமா. நல்ல கலர்."

"உங்களுக்கு?"

"எனக்கும் நீலமே இருக்கட்டும்."

அதோடு நீலம் முடிந்துவிட்டது. குழாய் சொட்டியது. இரண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். பிடித்துவிட்டு அப்புறம் என்ன செய்வது என்று யோசித்ததில் அதுவும் போயிற்று. கிடங்கில்கூட இவ்வளவு மூச்சு முட்டியதில்லை. அங்கே குமிழ் எங்கே இருக்கிறது என்றாவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மழை வருமோ?" என்றார் அவர்.

"வராது" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்களோ தெரியாது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. டீச்சரம்மா வீட்டில் இல்லை போலிருக்கிறது, அத்தை போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டாள். தனக்குத்தானே எதையோ முணுமுணுத்துக்கொண்டு படியேறும் குரலும் கேட்டது.

"அம்மா வந்துட்டாங்க!" என்று எழுந்தார் மாஸ்டர். காலையிலிருந்து அவர் குரலில் இல்லாத உயிர் அதில் இருந்தது.

அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தது ஐஸ் அக்காதான்.